ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்காத கதை

1701ஆம் ஆண்டிலே இலண்டன் றோயல் கழகத்தின் சஞ்சிகையில், இலத்தீன் மொழியிலமைந்த சிறு கட்டுரையொன்று வெளிவந்தது. அதன்மீது ஆசிரியர் பெயர் காணப்படவில்லை. வெப்பத்தின் படிகளை அளவிடுவது எவ்வாறு என்பதே அதன் பொருள். மனித உடலின் வெப்பத்தைப் பன்னிரண்டு பாகையாகக் கொண்டு, ஆளிவிதை எண்ணெய் நிரப்பிய கண்ணாடிக் குழாயினாலே தாழ்ந்த வெப்பநிலைகளை அளந்த அவ்வாசிரியர், அக்குழாய் தாங்கமாட்டாத உயர்ந்த வெப்பநிலைகளை அளத்தற்கு வேறொரு வழியைக் கண்டார். தடித்த இரும்புத் துண்டொன்றை நெருப்பிலே செந்நிறமாகும்வரை காய்ச்சி, இடுக்கியால் எடுத்து, காற்று இடையறாது வீசிக்கொண்டிருந்த குளிர்ந்த இடமொன்றிலே வைத்தார். வெவ்வேறு உலோகங்களினதும் உலோகக் கலவைகளினதும் சிறு துணுக்குகளை அதன்மீது இட்டு, உருகிய ஒவ்வொன்றும் எந்நேரத்தில் மீண்டும் உறைகின்றது என்பதைக் குறித்துக்கொண்டார். இரும்பின் வெப்பம் சுற்றுப்புறத்தினும் எவ்வளவு மிகுந்திருக்கின்றதோ, அவ்வளவிற்கேற்ற வேகத்தில் அது குறையும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. அதனைக் கொண்டு நேரத்திலிருந்து வெப்பநிலையைக் கணித்தார்.

அக்கட்டுரையின் ஆசிரியர் ஐசாக் நியூற்றன் என்பதும், அவருடைய கொள்கையே இன்று நமது பாடசாலைகளிலே 'நியூற்றனின் குளிரல் விதி' எனக் கற்பிக்கப்படுகின்றது என்பதும் ஆசிரியர் பலரும் அறிந்தவையே. ஆனால் விதியைச் சொல்லிக்கொடுக்கும் நாம் அந்தக் காற்றைச் சொல்லிக்கொடுப்பதில்லை. அசையாத காற்றிலே இரும்பை வைக்கவில்லை என்பதை நியூற்றன் குறிப்பாகவே எடுத்துரைக்கின்றார். அசையாத காற்று இரும்பின் அருகே தானும் சூடேறி நின்றுவிடும். ஒரே சீராக வீசும் காற்றோ, சூடேறிய பகுதியை அகற்றி, சம நேரத்துள் சம அளவான புதிய குளிர்காற்றை இரும்பின்மீது கொண்டுவந்து சேர்க்கும். மாணவர்கள் மனனஞ்செய்யும் விதிக்கு உயிர்நாடியான நிபந்தனை இதுவே. காற்று வீசாத இடத்தில் அவ்விதி செம்மையாகப் பொருந்தாது.

நியூற்றன் அவ்வாண்டுகளில் இலண்டன் நாணயசாலையின் அதிபராக இருந்தார். 1696இலே அங்கு காப்பாளராகச் சென்றவர், 1699இல் அதிபரானார். பிரித்தானியாவின் தேய்ந்த வெள்ளி நாணயங்களையெல்லாம் திரட்டி உருக்கி மீண்டும் வார்த்த பெருமுயற்சி அக்காலத்தில் நடைபெற்றது. உலோகம் உருகுவதும் உறைவதும் அவருக்கு ஏட்டுப் பொருள்கள் அல்ல, அன்றாட அலுவல்கள். 1931இல் இலண்டனிலே நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மகாநாட்டிலே, சோவியத் பிரதிநிதியாக வந்த பொரிஸ் ஹெசென், நியூற்றனின் பௌதிகம் அவருடைய காலத்துப் பொருளாதாரத் தேவைகளிலே வேரூன்றியது என்று வாதித்தபோது, பேர்னல், நீடம் போன்ற இளம் விஞ்ஞானிகள் அதனைப் பெரும் வெளிச்சமாகக் கொண்டனர். பழமைவாதிகள் நகைத்தனர். ஹெசென் குளிரல் பற்றிய கட்டுரையை முன்வைத்து வாதிக்கவில்லை. எனினும் அவருடைய கருத்துக்கு இதனைக் காட்டிலும் எளிய சான்று கிடைப்பது அரிது. அந்த ஹெசெனை அவருடைய சொந்த நாட்டின் அரசே 1936இல் சுட்டுக் கொன்றது என்பதையும் மறைக்காது சொல்லிச் செல்லவேண்டும். நம்மிடையே அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் அதனைச் சொல்வதில்லை.

காற்றும் இரும்பும் என்ற தொடர்பு நமது நாட்டுக்குப் புதியதன்று. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியிலே, தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்நோக்கிய மலைச்சரிவுகளில், துருத்தியின்றிக் காற்றின் வலுவாலேயே இரும்பை உருக்கியெடுத்த பழைய உலைகள் இருந்தமையை அகழ்வாராய்ச்சியாளர் ஜில் ஜுலெவ் 1996இல் உலகறியச் செய்தார். அங்கே காற்று நெருப்பை வளர்த்தது. நியூற்றனின் அறையிலே அது நெருப்பைத் தணித்தது. இக்கட்டுரை தணிப்பதைப் பற்றியது.

காற்று, நீர் போன்ற பாய்பொருள் ஒன்று தானே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்துசெல்லுதலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை 1834இலே வில்லியம் புறௌற் என்ற மருத்துவர் இலத்தீனிலிருந்து ஆக்கினார். 'ஒருங்கே சுமந்துசெல்லல்' என்பது அதன் வேர்ப்பொருள். நமது நாட்டுப் பாடநூல்களிலே அது 'மேற்காவுகை' எனப்படுகின்றது. காவுதல் என்ற வினை இன்றும் ஈழத்துத் தமிழர் வாயில் உயிரோடு வழங்குவது. தண்ணீரைக் காவுகிறோம், பிள்ளையைக் காவுகிறோம். கலைச்சொல்லாக்கத்தில் நமது முன்னோடிகள் செய்த தவறுகள் பலவாயினும், இச்சொல் அவற்றுள் ஒன்றன்று.

நியூற்றனின் விதிக்கும் எல்லை உண்டு. 1817இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான டியூலோங்கும் பெற்றியும் நுட்பமான பரிசோதனைகள் நிகழ்த்தி, வெப்பநிலை வேறுபாடு பெரிதாகும்போது அவ்விதி பிழைபடுகின்றது என்று காட்டினர். 1879இலே ஸ்ரெஃபான் அதற்குரிய காரணத்தின் பெரும்பகுதியைக் கணித மொழியில் கூறினார்: சூடான பொருள் கதிர்வீசி இழக்கும் வெப்பம், அதன் தனிவெப்பநிலையின் நான்காம் வலுவுக்கேற்ப மாறுகின்றது. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால் சுவையான உண்மையொன்று புலப்படும். 900 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள உருக்குச் சட்டம் அசையாத காற்றிலே இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு கதிர்வீசலாற் போவது. காற்று அங்கே வெறும் பார்வையாளன். சட்டம் 400 பாகைக்கு இறங்கியதும் நிலைமை மாறுகின்றது. கதிர்வீசல் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றது. அப்போது ஓரளவு காற்று வீசினாலே அது கதிர்வீசலை விஞ்சிவிடும். அதாவது, சிவந்து ஒளிரும் இரும்பு நம் கண்ணைக் கவரும்போது காற்று அதனை ஆள்வதில்லை. அது கறுத்து, 'இனி ஆபத்தில்லை' என்று நாம் எண்ணும்போதே காற்றின் ஆட்சி தொடங்குகின்றது. இந்த 400 பாகையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

உலோகச் சட்டங்களை ஆக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, நமது அடுக்களையில் இடியப்ப உரல் செய்யும் வேலை: இளகிய பொருளைக் கண்ணுள்ள அச்சினூடே அழுத்தித் தள்ளுதல். 1797இல் ஜோசப் பிறாமா ஈயக் குழாய்கள் செய்ய இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1820இலே தோமஸ் பேர் நீரழுத்தப் பொறியால் அதனை நடைமுறைப்படுத்தினார். 1894இல் அலெக்சாந்தர் டிக் பித்தளை போன்ற வலிய கலவைகளையும் சூடான நிலையிலே இவ்வாறு பிழியலாமெனக் காட்டினார். இன்று நம் வீட்டு யன்னல்களிலுள்ள அலுமினியச் சட்டங்கள் எல்லாம் இவ்வாறு பிழியப்பட்டவையே. அவை அச்சைவிட்டு வெளியேறியதும் மின்விசிறிகள் அவற்றின்மீது காற்றை வீசுகின்றன. அங்கே விரைவு வேண்டும். மெதுவாக ஆறவிட்டால், கலவையிலுள்ள மக்னீசியமும் சிலிக்கனும் உலோகத்துள் கரைந்து நில்லாது பருமணிகளாகப் பிரிந்துவிடும். பின்னர் அச்சட்டம் வலுப்பெறாது.

மற்றொரு வழி, உருளைகளுக்கிடையே நசுக்கி நீட்டுதல். தண்டவாளம் பிறப்பது இவ்வழியில். அங்கே வேண்டப்பட்டது இதற்கு நேர்மாறானது என்பதை அறிய மனிதகுலத்திற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. அக்காலத்திற் சிந்திய இரத்தமும் சிறிதன்று.

தொடக்ககாலத் தண்டவாளங்கள் மெல்லிரும்பாலானவை. 1857இலே இங்கிலாந்தின் டார்பி நிலையத்தில் றொபேட் மஷெற் செய்த உருக்குத் தண்டவாளமொன்று சோதனையாக இடப்பட்டது. இரும்புத் தண்டவாளம் சில மாதங்களிலே தேய்ந்துபோகும் அவ்விடத்தில் அது பதினாறு ஆண்டுகள் கிடந்தது. அதன்பின் உருக்கின் யுகம் தொடங்கியது. பெசமரின் உலையும் அதன் பின்வந்த திறந்த அடுப்பு உலையும் மலிவான உருக்கை மலைமலையாகக் குவித்தன. வெண்சூடான வார்ப்புக் கட்டியை உருட்டாலை சில நிமிடங்களிலே நீண்ட தண்டவாளமாக்கிவிடும். அரம் அதனை அளவாக அறுக்கும். பின்னர் அது இரும்புச் சட்டங்களாலான பெரிய மேடையொன்றிலே ஏனையவற்றோடு அருகருகே கிடத்தப்படும். உள்ளே வீசும் காற்று அதனை ஆற்றும். ஆறுவதற்கு யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை.

தண்டவாளத்தின் குறுக்குவெட்டை நோக்கினால் அதன் தலை தடித்தும் பாதம் மெலிந்தும் இருப்பதைக் காணலாம். மெல்லிய பாதம் முந்தி ஆறுகின்றது. தடித்த தலை பிந்தி ஆறிச் சுருங்கித் தண்டவாளத்தைத் தன்பக்கம் வளைத்துவிடுகின்றது. ஆகவே சூடாயிருக்கும்போதே அதனை எதிர்ப்பக்கமாக வளைத்து மேடையிலே இடுவர். ஆறும்போது அது தானே நிமிரும். எஞ்சிய கோணலை ஆறியபின் பொறியால் அழுத்தி எடுப்பர். ஆலையினர் தண்டவாளத்தின் வெளிவடிவம் ஆறும்போது என்னாகும் என்பதை இவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர். உள்ளே என்னாகும் என்பதையோ எவரும் கேட்கவில்லை.

1911 ஆகஸ்ட் 25ஆந் திகதி, நியூயோர்க் மாநிலத்து மான்செஸ்டர் என்ற சிற்றூரின் அருகே, லீஹை வலிப் புகையிரதக் கம்பனியின் கடுகதி வண்டியொன்று பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது தண்டவாளம் உடைந்தது. பெட்டிகள் பாலத்தினின்றும் கீழே வீழ்ந்தன. 29 பேர் மாண்டனர். றொச்செஸ்டர் நகரில் நடைபெற்ற பழைய போர்வீரர் மகாநாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோர் பலர் அவ்வண்டியில் இருந்தனர். அடிமைமுறையை ஒழித்த உள்நாட்டுப் போரிலே தப்பிய முதியவர்கள். உடைந்த தண்டவாளம் பல துண்டுகளாகச் சிதறியிருந்தது. அத்துண்டுகளை ஆராய்ந்த அரசாங்கப் பொறியியலாளர் ஜேம்ஸ் ஹவார்ட், தண்டவாளத்தலையின் உள்ளே வழவழப்பான முட்டைவடிவப் புள்ளிகளைக் கண்டார். ஒவ்வொன்றும் உள்ளிருந்த ஒரு சிறு கருவிலிருந்து வெளிநோக்கி வளர்ந்த விரிசல். அவற்றுக்குக் 'குறுக்கு வெடிப்பு' எனப் பொருள்படும் பெயரை அவர் இட்டார்.

இவ்வெடிப்பின் கொடுமை யாதெனில், அது வெளியே தெரியாது என்பதே. தண்டவாளத்தின் மேற்பரப்பை அடையும்வரை அது உள்ளேயே வளரும். அடைந்த சிலகாலத்துள் தண்டவாளம் முறியும். பாதையிலே நாள்தோறும் நடந்து சுத்தியலும் கண்ணுமாகக் காவல்புரியும் தொழிலாளி அதனைக் கண்டறிதல் இயலாது. விபத்து நேரும்போதெல்லாம் பாதைத் தொழிலாளியின் கவனக்குறைவைத் தேடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. இம்முறை அந்தப் பழியை அவன்மீது சுமத்துவதற்கு வழியிருக்கவில்லை.

ஆயினும் பழிசுமத்தும் படலம் நின்றுவிடவில்லை. அது இரு பெரும் முதலாளிக் கூட்டங்களுக்கிடையிலே நிகழ்ந்தது. 'உருக்காலைகள் அவசர அவசரமாக உருட்டிக் கழிவு உருக்கை எமக்கு விற்கின்றன' என்றன புகையிரதக் கம்பனிகள். 'நீங்கள் ஆண்டுதோறும் எஞ்சின்களின் பாரத்தை ஏற்றிக்கொண்டே போகின்றீர்கள். எந்தத் தண்டவாளம் தாங்கும்?' என்றன உருக்காலைகள். ஹவார்ட் சக்கரப் பாரத்தையே முதன்மையான காரணமாகக் கருதினார். வழக்கு இவ்வாறு நீண்டுகொண்டிருக்க, வெடிப்புள்ள தண்டவாளங்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அகப்பட்டுக்கொண்டிருந்தன.

பின்னாளில் தெரிந்தவற்றைக் கொண்டு நோக்கினால், இருவர் கூறியவையும் பாதி உண்மைகள். பாரமான வண்டிக்குத் தடித்த தண்டவாளம் வேண்டும். தடித்த தண்டவாளம் உள்ளே கருவிரிசல் தோன்ற இடங்கொடுக்கும். பாரமான சக்கரம் அக்கருவை வளர்க்கும். இலாபத்துக்காக வண்டியின் பாரத்தைக் கூட்டியவனும், இலாபத்துக்காக உருட்டாலையின் வேகத்தைக் கூட்டியவனும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள். அமெரிக்க உருக்குத் தொழிலாளர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்த காலம் அது. 1919இல் அவர்கள் நடத்திய பெருவேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. பன்னிரண்டு மணி நாள் 1923இலேதான் கைவிடப்பட்டது. மனிதனுக்கே ஓய்வு கொடாத ஆலை, தண்டவாளத்துக்கு ஓய்வு கொடுக்கும் என்று எதிர்பார்த்தல் எங்ஙனம்?

நோயின் காரணத்தைத் தேடுமுன்னர் நோயாளியைத் தேடும் கருவி வந்தது. கப்பல்களுக்கான சுழல்காட்டிக் கருவிகளால் புகழ்பெற்ற எல்மர் ஸ்பெரி, தண்டவாளத்தினூடே பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளேயுள்ள வெடிப்பு அந்த ஓட்டத்தைக் குலைப்பதைக் காந்தப்புலத்தின் மூலம் உணரும் வண்டியொன்றை 1928இல் பாதையில் ஓடவிட்டார். வெடிப்புற்ற தண்டவாளத்தைக் கண்டுபிடித்து அகற்ற அது பெரிதும் உதவியது. எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் ஆலைகள் புதிதாக ஆக்கி அனுப்பிய தண்டவாளங்களோடு கருவிரிசல்களும் தொடர்ந்து பாதையை அடைந்துகொண்டே இருந்தன.

1931இலே உருக்குக் கம்பனிகளும் புகையிரதக் கம்பனிகளும் கூட்டாகப் பணம் வழங்க, இல்லினோய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹேர்பேர்ட் மூரின் தலைமையில் ஆராய்ச்சி தொடங்கியது. உலோகச் சோர்வு பற்றிய அறிவில் மூர் அக்காலத்து முன்னோடி. பொருளாதார நெருக்கடியால் உருட்டாலைகள் பல முடங்கிக்கிடந்த ஆண்டுகள் அவை. தண்டவாளத்துக்குக் கேள்வி மிகுந்திருந்த இருபது ஆண்டுகளிலே கிடைக்காத அமைதி, கேள்வி வீழ்ந்தபோது கிடைத்தது என்பது எண்ணத்தக்கது.

ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பாதையில் இடப்படாத, ஒரு சக்கரமும் ஏறியிராத புதிய தண்டவாளங்களை வெட்டிப் பார்த்தனர். தலையின் நடுவே மயிரிழை போன்ற நுண்விரிசல்கள் இருந்தன. ஆகவே கருவை இட்டது சக்கரமன்று. அப்படியானால் அது தோன்றியது எங்கே? உருட்டும்போதன்று, சூடாயிருக்கையில் வெட்டிய துண்டுகளில் அது இல்லை. ஆறும் மேடையிலேதான், தண்டவாளம் கறுத்து, கண்ணுக்குச் சாதுவாகக் கிடக்கும் இறுதிக்கட்டத்திலேதான் அது தோன்றியது. வாசகர் நினைவில் வைத்துள்ள அந்த 400 பாகைக்குக் கீழே; காற்று ஆட்சிபுரியும் எல்லைக்குள்ளே.

இதே காலத்திலே கனடாவில், நோவா ஸ்கோசியா மாகாணத்துச் சிட்னி நகர உருக்காலையிலே மக்கி என்ற உலோகவியலாளர், விடையை நடைமுறையிலே கண்டுவிட்டார். தண்டவாளங்களை மேடையிலே முற்றாக ஆறவிடாது, இன்னும் சூடாயிருக்கையிலேயே இரும்புப் பெட்டிகளில் அடுக்கி, மூடியிட்டு, காற்றுப் புகாது மெல்ல மெல்ல ஆறவிட்டார். நுண்விரிசல் மறைந்தது. இம்முறை பின்னர் அமெரிக்கப் புகையிரதப் பொறியியலாளரின் விதியாகவும் ஆயிற்று. தண்டவாளம் ஏறத்தாழ 540 பாகைக்கும் 385 பாகைக்கும் இடையில் இருக்கும்போது பெட்டியில் இடப்படவேண்டும்; பெட்டி பத்து மணி நேரமாவது மூடியிருக்கவேண்டும்; ஏழு மணி நேரத்துக்குள் வெப்பநிலை 150 பாகைக்குக் கீழே இறங்கலாகாது. திறந்த மேடையிலே ஓரிரு மணி நேரத்தில் நடந்தேறும் காரியம் அது.

ஏன் மெல்ல ஆறவேண்டும்? இதற்கு விடை ஐதரசன் என்ற வாயுவில் இருக்கின்றது. உலையிலிடும் பழைய இரும்பின் ஈரம், சுண்ணாம்பின் ஈரம், காற்றின் ஈரம் ஆகியவற்றினின்றும் பிரியும் ஐதரசன் உருகிய உருக்கிலே கரைந்துவிடுகின்றது. அளவு மிகச் சிறிது. நிறையிலே பத்து இலட்சத்துக்குச் சில பங்கு. ஆனால் ஆறி இறுகிய உருக்குக்கு அந்தச் சில பங்கையும் கரைத்து வைத்திருக்கும் ஆற்றலில்லை. வெளியேற நேரமிருந்தால் ஐதரசன் உலோக அணுக்களினூடே நகர்ந்து வெளியேறிவிடும். நேரமில்லாவிடின் உள்ளேயுள்ள நுண்ணிய இடைவெளிகளிலே திரண்டு, பேரழுத்தமாகி, உருக்கை உள்ளிருந்தே பிளக்கும். வெளியேறுவதற்கு வேண்டிய நேரம் தடிப்பின் வர்க்கத்துக்கேற்ப மாறுவது. தடிப்பு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். மெலிந்த பழைய தண்டவாளங்கள் பெரும்பாலும் தப்பியதும், தடித்த புதிய தண்டவாளங்கள் வெடித்ததும் இதனாலேயே. அளவுமாற்றம் குணமாற்றமாக மாறுவதற்கு உதாரணம் தேடி நீரைக் கொதிக்கவைக்கும் நண்பர்கள், அடுத்தமுறை இதனையும் சொல்லிப்பார்க்கலாம்.

'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவேண்டும்' என்கின்றது நமது பழமொழி. அடுக்களையில் பிறந்த அப்பழமொழி அவசரக்காரனை எள்ளுவது. உருக்காலை முதலாளியை வெறும் அவசரக்காரன் என்று விட்டுவிடுவது பொருத்தமன்று. அவனுக்குப் பொறுமையின்மை ஒரு குணக்கேடல்ல, அது கணக்கு. உலைக்குச் செலவு உண்டு, உருளைக்குச் செலவு உண்டு, அரத்துக்குச் செலவு உண்டு; ஆகவே அவை பற்றி ஆராய்ச்சியும் உண்டு. காற்று இனாம். இனாமாக நடைபெறும் ஒன்றை ஆராய்வதற்கு எந்தக் கம்பனியின் கணக்கேட்டிலும் இடமில்லை. பெட்டி முறை வந்தபோதோ பெட்டிக்கு இரும்பு, பெட்டியை வைக்க நிலம், பத்து மணி நேரத்துத் தேக்கம் என எல்லாவற்றுக்கும் விலை ஏற்பட்டது. அந்த விலையை ஏற்கத் தூண்டியது, உடைந்த தண்டவாளங்களுக்கும் விபத்துக்களுக்கும் கம்பனிகள் கொடுக்கவேண்டியிருந்த விலை அதனினும் பெரிதாகிவிட்டமையே.

1930களின் பிற்பகுதியிலே வட அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகள் மெல்ல ஆறவைத்த தண்டவாளங்களையே பெரும்பாலும் வாங்கத் தொடங்கின. அவற்றில் அப்பழைய குறுக்கு வெடிப்பு ஏறத்தாழ அற்றுப்போயிற்று. ஆனால் முன்னர் இடப்பட்ட தண்டவாளங்கள் பதிற்றாண்டுக் கணக்கிலே பாதையில் கிடந்தன. அவை தம் கருவைச் சுமந்தபடியே இருந்தன.

இரும்பு ஆறுவதைச் சொல்லிவிட்டு அதனருகே நிற்கும் மனிதன் ஆறுவதைச் சொல்லாது விடலாகாது. தண்டவாளம் இழக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு அவன் உடலிலே சேர்கின்றது. அவ்வுடலும் காற்றாலேயே ஆறவேண்டும். தோலைக் காட்டிலும் காற்றுச் சூடாகிவிட்டால் வியர்வை ஆவியாதல் ஒன்றே எஞ்சும் வழி. காற்றிலே ஈரம் மிகுந்தால் அவ்வழியும் அடைபடும். 1905இலே ஜே. எஸ். ஹால்டேன் சுரங்கங்களில் இறங்கித் தன்னுடலையே சோதனைப் பொருளாக்கி, ஈரக்குமிழ் வெப்பமானி ஏறத்தாழ 31 பாகையைத் தாண்டினால், அசையாத காற்றிலே மனிதன் தொடர்ந்து இயங்குதல் இயலாதென்று காட்டினார். சுரங்கத்தில் வீசும் காற்றின் அளவு தொழிலாளியின் உயிர்ப்பிரச்சினை என்பதை விஞ்ஞானத்தின் மொழியில் உரைத்தவர்களுள் அவர் முக்கியமானவர். அவருடைய மைந்தர் ஜே. பி. எஸ். ஹால்டேன் இங்கிலாந்தின் கம்யூனிஸ்ட் நாளேட்டிலே தொழிலாளருக்கு விஞ்ஞானம் எழுதியவர். 1957இல் இந்தியாவிற் குடியேறி 1964இல் புவனேசுவரத்திலே காலமானவர். தண்டவாளத்துக்கு ஆறும் வேகத்தை விதித்த பொறியியலாளர் சங்கங்கள், மேடையருகே நின்றவனுக்கு ஈரக்குமிழ் எல்லையை விதிக்க அத்துணை விரைந்ததாகத் தெரியவில்லை.

பெட்டிகளின் காலமும் முடிந்தது. 1950களிலே ஜெர்மனியில், உருகிய உருக்கை வெற்றிடத்துள் வைத்து ஐதரசனை உறிஞ்சி அகற்றும் முறை வளர்ந்தது. காரணமான வாயு உலோகத்துள் இல்லையாயின் மெல்ல ஆறுதலும் வேண்டியதில்லை. எனவே பின்வந்த ஆலைகள் திறந்த மேடைக்குத் திரும்பின. அதனினும் ஒருபடி மேலே சென்று, தண்டவாளத்தின் தலை தேயாது உறுதிபெறும்பொருட்டு, சூடான தலையின்மீது அழுத்திய காற்றையோ நீர்த்திவலையையோ பீச்சி வேண்டுமென்றே விரைவாக ஆற்றுகின்றன. முப்பதுகளிலே பெட்டிக்கு வெளியே துரத்தப்பட்ட காற்று, இன்று அளந்து, நெறிப்படுத்தி, குழாய்வழியே உள்ளே அழைக்கப்படுகின்றது. இது பழைய நிலைக்குத் திரும்புதல் போன்று தோன்றலாம். ஆனால் பழைய காற்று யாரும் கவனியாத காற்று. இன்றைய காற்றின் வேகமும் நேரமும் கணித்து வைக்கப்பட்டவை.

இங்ஙனம் ஆக்கிய தண்டவாளமும் உடையாததன்று. சக்கரம் உருளும் ஓயாத தேய்ப்பினால் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி வளரும் விரிசல் வேறொரு நோய். 1998 நவம்பர் 26இல் பஞ்சாபின் கன்னா நகரருகே முறிந்த தண்டவாளத்தால் தடம்புரண்ட பெட்டிகள்மீது மற்றொரு வண்டி மோதி, இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இங்கிலாந்தின் ஹற்ஃபீல்டிலே 2000 ஒக்டோபர் 17ஆந் திகதி தண்டவாளமொன்று முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதற, நால்வர் மாண்டனர். அங்கே வெடிப்பு மறைந்திருக்கவுமில்லை. அத்தண்டவாளத்தில் விரிசல் உண்டென்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. அதனை மாற்றும் வேலையே நடவாதிருந்தது. அரசுடைமையாயிருந்த பாதை தனியார்மயமாக்கப்பட்டு, பாதைக்கு ஒரு கம்பனி, பராமரிப்புக்கு வேறொரு கம்பனி எனப் பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. 2005இல் பராமரிப்புக் கம்பனிக்கு ஒரு கோடி பவுணும், பாதைக் கம்பனியின் வாரிசான நிறுவனத்துக்கு முப்பத்தைந்து இலட்சம் பவுணும் அபராதம் விதிக்கப்பட்டன. மறு ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் முதலாவது தொகையை எழுபத்தைந்து இலட்சமாகக் குறைத்தது.